ஒரு காது பாட்டுக்கு

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எப்படியும் அது மதினிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிவகாசியில் ஒரு சேதி ஊரைச் சுற்றிவர அரை நாள்கூட வேண்டாம். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம், நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். மதினி என்று சொன்னது அவருடைய சம்சாரத்தை.

அண்ணாச்சி ஹெட்போன் வியாபாரி. பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அந்த ரகம் இல்லை. ஒரு செல்போன் கடைக்கு மாடியில் அவருடைய ஒற்றை அறை. படி அவ்வளவு செங்குத்து, ஏறுகிறவர்கள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டுதான் ஏற வேண்டும். உள்ளே அலமாரி முழுக்கக் கையகலப் பெட்டிகள். பாதி டாக், பாதி ஆம்ப். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனுக்குள் இருக்கிற பாட்டு வெறும் எண்கள்தான். அதைச் சத்தமாக மாற்றித் தருவது டாக். அந்தச் சத்தத்துக்குத் தெம்பு கொடுத்துக் காதுவரை கொண்டுவந்து சேர்ப்பது ஆம்ப். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சிலது வெடுக்கென்று பேசும், சிலது இதமாகப் பேசும். ஆளுக்கு ஏற்ற மாதிரி இரண்டையும் ஜோடி சேர்த்துக் கொடுப்பதுதான் அண்ணாச்சியின் தொழில். கல்யாணத் தரகர் வேலைதான், ஜாதகத்துக்குப் பதிலாகக் காதைப் பார்ப்பார்.

இத்தனையும் விற்கிற மனுஷன், தன்னுடைய இரண்டு காதையும் மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டதை யாரும் பார்த்ததில்லை. ஹெட்போனைத் தலையில் மாட்டுவார். இடது காதில் ஒழுங்காக உட்கார வைப்பார். வலது பக்கத்தை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டு, காதை மாற்றிக்கொள்வார். எந்த நேரமும் ஒரு காது தெருவுக்குத்தான்.

நான் அவரிடம் முதலில் போனது சண்டை போடத்தான். நான் விருதுநகர்க்காரி. தினமும் சிவகாசிக்குப் பஸ் பிடித்துப் போய் ஒரு பிரஸ்ஸில் காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் டிசைன் பண்ணுகிறேன். பக்கத்து அறையில் நாள் முழுக்க மெஷின் கடகடவென்று ஓடும். பாட்டு இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்த ஒரு டாக்கை வாங்கியிருந்தேன். ஒரு வாரம் கேட்டதில் மண்டையிடிதான் மிச்சம். சிவகாசியில் ஒருத்தர் இதையெல்லாம் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கையில் அந்தப் பெட்டியோடு போய் நின்றேன். அவர் விற்றதே இல்லை அது. இருந்தாலும் யாரிடமாவது கத்த வேண்டுமே.

"இதைப் போய் உலகத்துலயே நல்ல டாக்குன்னு எழுதியிருக்கான், அண்ணாச்சி. கண்ணாடியில ஆணியக் கீறுன மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். "உக்காருங்க தங்கச்சி. பாட்டுக் கேக்கும்போது எந்த எடத்துல சத்தத்தக் கொறைப்பீக?"

எந்தப் பாட்டுப் பிடிக்கும், எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்று கேட்பார் என்று நினைத்துப் போனவளுக்கு இந்தக் கேள்வி புதுசு. யோசித்துப் பார்த்துச் சொன்னேன். பாடுகிறவள் மேலே போகும்போது 'ச' வருகிற இடமெல்லாம் கை தானாகக் குறைக்கப் போகும் என்றேன்.

"அம்புட்டுத்தான். பிடிச்சத யாரு கேட்டாலும் ஊரு சொன்னதத்தான் சொல்லுவாக. பிடிக்காதத மட்டும் அவுக அவுக சொந்தக் காதுல இருந்து சொல்லுவாக."

நான்கு பெட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார். நான் மூன்றைச் சொன்னேன். துண்டை எடுத்தால் நான்கிலேயே விலை குறைந்தது அதுதான். வியாபாரத்துக்கு லாயக்கில்லாத ஆள் என்று அன்றைக்கே மனசில் எழுதிவிட்டேன்.

ஆம்ப் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்டார். "உங்க வீட்ல பட்டாசு வேலைக்கு யாரும் போறாகளா?"

இல்லை என்றேன். அதற்கும் ஆம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"இருக்கு. வீட்ல யாராவது பட்டாசுக்குப் போறாகன்னா, அவுகளுக்குக் காதை இறுக்க மூடுற ஹெட்போன நான் குடுக்கிறதில்ல. முதுகு திறந்ததுதான் குடுப்பேன், வெளிச்சத்தமும் உள்ள வரும். அதுக்குத் தெம்பான ஆம்ப் வேணும். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. மூடுனதே வாங்கிக்கோங்க."

அப்போது எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. இன்னொரு நாள் ஒரு பையன் வந்து, நெஞ்சு அதிர்கிற மாதிரி இடிக்கிற ஆம்ப் வேண்டும் என்று நின்றான். அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை என்றான். "ஊருல கேக்குற இடி உனக்குப் பத்தலையாலே?" என்று அவனை விரட்டாத குறையாக அனுப்பி வைத்தார். எனக்குக் கோபமே வந்தது. வாங்க வந்தவனிடம் இப்படியா பேசுவது?

மதினி வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு கம்பெனியில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே போன் கொண்டு போகக்கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேனில் ஏறினால் திரும்பி வந்து இறங்குகிறவரை அவளோடு பேச வழியில்லை. வெடிச்சத்தம் கேட்டால் அண்ணாச்சிக்கு அதுதான் சேதி. அதன்பிறகு கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் போனிலிருந்து அவள் கூப்பிடுகிறவரை இவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் 'டம்' என்று ஒன்று கேட்டால், கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கோ மொட்டைமாடிக்கோ வந்து நின்று புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சி தெருவில் அந்தக் கேள்விக்கு ஒரே ஆள்தான் பதில். படியில் தடதடவென்று யாராவது ஏறிவந்து, "அண்ணாச்சி, எந்தப் பக்கம்?" என்பார்கள். அவர் தலையைக்கூடத் திருப்பாமல், "ஆனைக்குட்டம் பக்கம். குவாரி வெடி. போய் வேலையப் பாருங்க" என்பார். ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது கூட்டமே அரண்டு நிற்கும். "இது வானம்" என்று ஒரு வார்த்தை சொல்வார், கலைந்து போய்விடுவார்கள். ஒரு தடவைகூடத் தப்பியதாக நான் கேள்விப்படவில்லை. டாக்கில் இருக்கிற நூல் வித்தியாசத்தைப் பிரித்துச் சொன்னதும் இந்தக் காதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன். மதினியும் அன்றைக்குக் கடையில் இருந்தாள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து அவருக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் மருந்தின் சாம்பல் நிறம் எத்தனை தேய்த்தும் போகாமல் இருந்தது. அப்போதும் அண்ணாச்சி ஒரு காதில்தான் ஏதோ ஒரு புது ஆம்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் கம்பெனி லீவு. மதினி உங்க முன்னால உக்காந்திருக்காக. இன்னைக்காவது ரெண்டு காதுலயும் போட்டாத்தான் என்ன, அண்ணாச்சி?"

"லீவு நாள்லதான் எவனாவது வீட்டுக்குள்ள வச்சுத் திருட்டுத்தனமாப் பட்டாசுத் திரி சுத்திக்கிட்டிருப்பான், தங்கச்சி."

"அதுக்கு? மதினி இங்கதான இருக்காக?"

அவர் சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றிக்கொண்டார். மதினிதான் சிரித்தாள். "என் புருசனுக்கு ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது எனக்கு. எனக்குன்னு குடுத்த காதுலதான் நான் சொல்ற ஒண்ணும் ஏற மாட்டேங்குது. வெறும் ரசத்தையே எம்புட்டு நேரம் ஊத்திக்கிட்டு இருப்பீக, காயத் தொட்டுக்கிட்டுத் தின்னுங்க."

அந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று அவளிடமும் கேட்டிருக்கிறேன். முகம் சுருங்கவில்லை அவளுக்கு. "நான் இருக்கிற ஷெட்டுல நாலு புதுப் பிள்ளைக இருக்காளுக. கை வேகம், வாய் வேகம். மருந்தச் சிந்திட்டுக் கால்ல தேச்சுட்டுப் போவாளுக. நான்தான் பின்னாலயே ஈரத்துணியோட நிக்கேன். நான் விட்டுட்டா அவளுகள யாரு பாப்பா?" என்றாள். அண்ணாச்சிக்கு அவள் போட்டிருந்த உத்தரவு ஒன்றுதான். சத்தம் கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி வரக்கூடாது, ஆம்புலன்ஸ் போகிற ரோட்டை அடைக்கக்கூடாது. கடையிலேயே இருக்க வேண்டும், அவளே கூப்பிடுவாள்.

ஒரு காதில் கேட்டுவிட்டு எப்படி இரண்டு காதுக்கான சாமானை நிதானிக்கிறீர்கள் என்றால், "இடதையும் வலதையும் தனித்தனியாக் கேட்டு மனசுல சேத்துக்கிடுவேன்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, சேர்த்துவிடுவார். வருஷக்கணக்கில் அவர் கொடுத்த ஜோடி எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒரே ஒரு தடவை வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு பாய் அவருடைய வாடிக்கை. எங்கள் தெருவுக்குப் பின்தெருதான் அவர் கடை. லோடு ஏற்றுகிற இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து பக்திப் பாட்டுக் கேட்பார். ஒரு குரல், ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா. அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம். குரல் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட வேண்டும். அதற்காக அண்ணாச்சி பழைய காலத்து வால்வ் போட்ட ஆம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தார். காதை இறுக்க மூடுகிற ஹெட்போனும் கூடவே. பாய் வீட்டில் பட்டாசுக்குப் போகிறவர்கள் கிடையாது.

அந்த ஆம்ப் ஒருநாள் புகைந்து, அண்ணாச்சி அதற்கு உள்ளே டிரான்ஸ்பார்மர் மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் பாய் அதை ஹெட்போனோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் பிரஸ்ஸில் மெஷின் சர்வீஸ், நான் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன்.

"பாடுறவரக் காணோம், அண்ணாச்சி" என்றார் பாய். "சத்தம் இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்காரு. நடுவுல ஆளு இல்ல. முன்னெல்லாம் எனக்கு எதுக்க உக்காந்து பாடுவாரு."

அண்ணாச்சி மாட்டினார். இடது காது, முழுப் பாட்டு. வலது காது, முழுப் பாட்டு. "ஒரு கோளாறும் இல்லையே பாய்" என்றார். பாய்க்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பொய்க்காரன் ஆக்குகிறாயா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் வேலை இருக்கிறது, மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்கிறேன், சரி பண்ண முடிந்தால் பண்ணுங்கள், முடியாவிட்டால் அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அண்ணாச்சி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாங்கியதே இல்லை.

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். இரண்டு காதிலும்தான். அரை நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. பாய் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. குரல் மண்டையைச் சுற்றி எங்கெங்கோ சிதறிக் கிடந்தது.

"ஒரு பக்கத்து ஒயரத் திருப்பி வச்சுப் பத்த வச்சிருக்கீக, அண்ணாச்சி. ஒரு பக்கம் முன்னால தள்ளும்போது மத்தப் பக்கம் பின்னால இழுக்குது. தனித்தனியாக் கேட்டா ரெண்டும் சரியாத்தான் இருக்கும். சேத்துக் கேட்டாத்தான் தெரியும்."

அவர் நம்பவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பிரித்தார். பார்த்தார். வலது பக்கத்து டிரான்ஸ்பார்மரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறித்தான் இருந்தன. பற்றவைப்புக் கோலைச் சூடு பண்ணி மாற்றிவைத்தார். மறுபடியும் ஹெட்போனை எடுத்து, இடது காதில் வைத்து, வலது பக்கத்தைப் பின்னால் தள்ளினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"இன்னும் ஒத்தக் காதுலயே கேட்டா என்னத்தத் தெரியும்? பாய் வந்து கேட்டா என்ன சொல்லுவீக? ரெண்டு காதுலயும் போட்டு ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, முழுசாக் கேளுங்க. நான் இங்கனதான இருக்கேன்? வெளிய நான் காது வச்சுப் பாத்துக்கிடுறேன். ஏதாவது கேட்டா அடுத்த நிமிசம் உங்களத் தட்டுறேன், போதுமா?"

என் பக்கம் திரும்பினார். "தட்டிருவீகள்ல?"

"தட்டிருவேன், அண்ணாச்சி."

போட்டார். இரண்டு காதும் மூடின. பாட்டு ஓட ஆரம்பித்தது, அது ஐந்து நிமிஷப் பாட்டு. முதலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார், பார்வை ஜன்னலிலேயே இருந்தது. குரல் வந்ததும் தோள் இறங்கியது. கண்ணை மூடினார். அந்த மனுஷன் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. உதட்டில் ஒரு சிரிப்பு வந்து அப்படியே தங்கிவிட்டது. யாரோ எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டது போல, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பார்த்தாயா, ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பாதிப் பாட்டில்தான் கேட்டது. 'டம்.' ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் ஒரு தடவை சலசலத்தது. கீழே கடை ஷட்டர்கள் பக்கம் ஆட்கள் பேச்சு நின்றுபோனது.

கை அவருடைய தோளுக்குப் போனது. நான் பொய் சொல்ல மாட்டேன், தோளுக்கு அரை அடி தூரம்வரை போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். கையை இறக்கிவிட்டேன்.

ஏன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். இப்போது எழுப்பி என்ன ஆகப்போகிறது, மதினி கூப்பிடுகிறவரை எப்படியும் உட்கார்ந்துதானே இருக்கப் போகிறார், அந்த உட்கார்ந்திருப்பது இரண்டரை நிமிஷம் கழித்துத் தொடங்கட்டுமே என்று நினைத்தேன். அது உண்மை. நான் சொல்லி அவர் கேட்ட முதல் பாட்டு பாதியில் நிற்கக்கூடாது என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை. ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடித் தண்ணீர் டேங்குகளுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் தெரியவில்லை.

பாட்டு முடிகிற நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். கீழ்க் கடை செல்போன்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்த அண்ணாச்சி, அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் ஹெட்போனைக் கழற்றினார். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

"எந்தப் பக்கம், அண்ணாச்சி?"

"என்ன எந்தப் பக்கம்?"

செல்போன்காரர் திகைத்துப் போனார். அண்ணாச்சி திருப்பிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. "வெடிச்சுச்சே... கண்ணாடியெல்லாம் ஆடுச்சே, உங்களுக்குக் கேக்கலையா?"

அண்ணாச்சி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்ப?"

"இப்பத்தான்..." என்றேன்.

"எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க. ஒத்தச் சத்தமா, பின்னாலயே சரம் மாதிரி வந்துச்சா? 'டம்'னு அமுங்குன மாதிரி கேட்டுச்சா, 'டபார்'னு வெட்டுன மாதிரி கேட்டுச்சா? எந்த ஜன்னல் ஆடுச்சு? கெழக்கயா, தெக்கயா? தங்கச்சி, எந்த ஜன்னல்?"

நான் காது வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியவில்லை. தெற்கு என்று நினைக்கிறேன் என்றேன். தெற்கேதான் வெம்பக்கோட்டை ரோடு.

"நெனைக்கிறீகளா, தெரியுமா?"

"தெரியல, அண்ணாச்சி."

வாட்ச்மேன் நம்பருக்குப் போட்டார். லைன் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் அந்தக் கேட்டுகளுக்குத்தான் போன் போகும். மறுபடியும் போட்டார். செல்போன்காரர் கையிலிருந்த போனில் ஏதோ வந்தது. பார்த்துவிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"என்ன போட்டிருக்கு? வாசிலே" என்றார் அண்ணாச்சி.

"வெம்பக்கோட்டை ரோடுன்னு போட்டிருக்கான். கம்பெனி பேரு போடல."

அண்ணாச்சி எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். வாசல்வரை போனார். நின்றார். மதினி போட்ட உத்தரவு ஞாபகம் வந்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தார். மற்ற நாட்களில் அவருக்கு அந்தச் சத்தமாவது கையில் இருக்கும். நம்ம பக்கம் இல்லை, தூரம் அதிகம், ஒத்த ஷெட்தான் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே நேரத்தைத் தள்ளிவிடுவார். அன்றைக்கு என்னால் அதுவும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதையே என்னிடம் கேட்டார், எப்படி இருந்துச்சு தங்கச்சி, அமுங்குன மாதிரியா, வெட்டுன மாதிரியா. நானும் ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்து ஒவ்வொரு மாதிரி சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் தரையைப் பார்த்தபடி இருந்தார். ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். தெற்கேதான் திரும்பின.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. போன் அடித்தது. எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நான்தான். இருக்கீகளா?"

"சாப்பிட்டியா?" என்றார் அண்ணாச்சி.

"பதினோரு மணிக்கு யாரு சோறு வச்சிருக்கா? நம்ம கம்பெனி இல்ல. ரெண்டு கம்பெனி தள்ளி. எங்க ஓடெல்லாம் பேந்து விழுந்துருச்சு. புதுப் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்துட்டா, அவளுக்குத் தண்ணி தெளிச்சு உக்கார வச்சுட்டு வர நேரமாயிருச்சு. அங்க... அங்க பாவம், யாரு யாருன்னு தெரியல." அவள் குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாயிற்று. "உங்களுக்குக் கேட்டிருக்கும். நம்ம பக்கமா வந்துச்சேன்னு பதறியிருப்பீக. கேட்டுச்சுல்ல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சு" என்றார். "கேட்டுச்சு, கேட்டுச்சு. நீ பாத்து வா."

செல்போன்காரர் "அப்பாடா" என்று கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். வெடித்த ஷெட்டில் இருந்தவர்களுடைய வீடுகளில் அந்நேரம் என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். கொஞ்சமாவது திட்டுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"பாட்டுல எந்த எடத்துல வெடிச்சுச்சு?" என்று கேட்டார்.

"பாதியில."

"அதுக்கப்புறம் மிச்சப் பாட்டு முழுக்க நான் கேட்டேன், என்ன?"

"ஆமா, அண்ணாச்சி."

"தெரிஞ்சுதான் தட்டலையா?"

"தெரிஞ்சுதான். உங்க முகத்தப் பாத்தேன். தட்ட மனசு வரல. தப்புத்தான், அண்ணாச்சி. என்னைய மன்னிச்சிருங்க."

அவர் மேஜையில் கிடந்த ஹெட்போனைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார். கண் கலங்கியது அப்போதுதான்.

"நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்றார். "ஆளு வந்து எதுக்க உக்காந்தாரு. பாய் சொன்னது சரிதான். அம்புட்டு நல்லா இருந்துச்சு. அவ நெனப்பு எனக்கு வரவே இல்ல. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவ வேன்ல ஏறுன பிறகு ஒரு நிமிசம்கூட அப்பிடி இருந்ததில்ல. அங்க அவ தலைக்கு மேல ஓடு பேந்து விழுது, நான் இங்கன சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். அதனால் என்ன, நீங்கள் கேட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும், அவர்கள்தான் நல்லபடியாக இருக்கிறார்களே என்றெல்லாம். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்து, தாளைக் கசக்கி அடியில் போட்டு, ஆம்பை உள்ளே வைத்தார். மேலே ஹெட்போனை வைத்தார். மூடிச் சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார், மூன்று முடிச்சுப் போட்டார். பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"பாய்க்கு நான் போன்ல சொல்லிக்கிடுறேன். நீங்க விருதுநகருக்குத்தான போறீக, இத நீங்களே அவுக கடையில குடுத்துருங்க."

"மதியத்துக்கு மேல அவரே வாரேன்னாரே, அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மணி நேரந்தான?"

"இப்பவே கொண்டு போயிருங்க, தங்கச்சி" என்றார். "ரெண்டு மணி நேரம் இது இங்கன இருந்துச்சுன்னா, நான் திரும்பப் போட்டுக் கேப்பேன்."